ஆட்டிடம் கேட்டார்கள்

வளரிளம் பெண்கள் கூட்டம் என்று பலகையில் எழுதியிருக்கும். எங்கள் ஊரில் சுண்டல் கூட்டம் என்றால்தான் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை திருப்பத்தூரிலிருந்து ஷேர் ஜீப்பில் ஒரு மேடம் வருவார். ஏதோ தொண்டு நிறுவனத்தில் வேலை. மேடம் என்றால் பெரிய ஆள் இல்லை, சின்ன வயசுதான். மலை ஏறி வருவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்திருப்பார். அதனால் முதல் பத்து நிமிஷம் பெண்கள்தான் அவருக்கு ஆலோசனை சொல்வார்கள். எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க மேடம், முன்னால குந்துங்க மேடம் என்று.

அறையைத் திறந்து பெருக்குவதும் சுண்டல் வேகவைப்பதும் என் வேலை. பேசுகிற வேலை இல்லை என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். என் கல்யாணத்தில் சம்மதமா என்று கேட்டதற்குத் தும்மினேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தாலியைக் கட்டிவிட்டார்கள்.

பாடம் நடக்கும்போது கதவுக்குப் பின்னால் அடுப்போடு இருப்பேன். காது மட்டும் உள்ளே இருக்கும். ஒரு தடவை மேடம் பெரிய படம் ஒன்றை விரித்துக் காட்டினார். கதவு இடுக்கில் எனக்கும் தெரிந்தது.

"இது இன்னா மேடம், எருமத் தலயா?"

"கர்ப்பப்பை. எல்லாப் பெண்களுக்கும் உள்ள இருக்கும்."

"ஆயாவுக்குமா கீது?"

எட்டுத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. நான் சட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"கீது, ஆனா ஆயாவோடது ரிட்டயர் ஆயிடுச்சி" என்றாள் கடைசி வரிசைக்காரி. அவள் வாய் எப்போதும் அப்படித்தான். மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் படத்தால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தக் கடைசி வரிசைக்காரி இந்த வருஷம் பத்தாவது பாஸ் செய்தாள். போளூர்ப் பக்கம் விடுதியோடு சேர்ந்த பள்ளியில் பதினொன்றாவதுக்கு இடம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. அதற்கு முந்தின சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சுண்டலையும் தொடவில்லை. எனக்கு அப்போதே பயமாகிவிட்டது.

மேடம் கிளறிக் கிளறிக் கேட்டதில் சொன்னாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரிலிருந்து அவளுக்குப் பரிசம் போட வருகிறார்கள். "எங்கப்பா சாமி உத்தரவு கேக்கப் போறாரு. ஆடு சிலுப்புச்சின்னா ஆவணியில கல்யாணம்."

மேடத்துக்குப் புரியவில்லை. பெண்கள் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். எங்கள் மலையில் சாமிக்குக் கிடா வெட்டுவதற்கு முன்னால் அதன் மேல் மஞ்சத்தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறிச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். மூன்று தடவை ஊற்றியும் சிலுப்பாவிட்டால் சம்மதம் இல்லை. சில வீடுகளில் கல்யாணத்துக்கும் அப்படியே கேட்பார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவளை ஒரு தடவைகூடக் கேட்க மாட்டார்கள்.

"பதினெட்டு ஆகாம கல்யாணம் பண்ணா சட்டப்படி குத்தம். நான் மேல சொல்லியே ஆகணும்" என்றார் மேடம்.

"சொல்லுங்க மேடம். பக்கத்துல ஒரு ஊர்ல அப்டித்தான் ஆபீசருங்க வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்க. ஜீப்பு வளைவு திரும்பறதுக்குள்ள தாலி கட்டிட்டாங்க. எங்கப்பாவப் புடிச்சி உள்ள போட்டாலும் எனக்குத்தான் கஷ்டம்."

"நாளைக்கு நானே வந்து உங்கப்பாகிட்ட பேசறேன்."

"அவரு ஆட்டுப் பேச்சத்தான் கேப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "ஆடு ஏன் மேடம் சிலுப்புது?"

"ஜில்லுன்னு தண்ணி மேல பட்டா, காதுல போனா, உதறும். இதுல சாமியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஐயையோ, கன்னத்துல போட்டுக்குங்க மேடம்!"

மேடம் போட்டுக்கொண்டார். எனக்குக் கதவுக்குப் பின்னால் அந்த ஒரு சொல் காதில் நின்றுவிட்டது. ஜில்லுன்னு.

மஞ்சத்தண்ணீர் மொண்டு வருவது யார் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு கணக்கு உண்டு. தீட்டு நின்றுபோன பொம்பளைதான் மொள்ள வேண்டும். ஊரில் அப்படி ஏழெட்டுக் கிழவிகள் இருக்கிறோம். மற்றவர்கள் தண்ணீரோடு சேர்த்து யோசனையும் சொல்வார்கள் என்பதால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீரை மொண்டு வந்து அடுப்பில் வைத்தேன். பச்சைக் குழந்தைக்கு ஊற்றுகிற பதத்துக்கு முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். மஞ்சளைக் கரைத்தேன். தெரிந்தால் ஊரைக் கூட்டி அபராதம் போடுவார்கள். நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் சாமிக்குச் சொல்லாமல் செய்யவில்லை. அடுப்பின் முன்னாலேயே சொன்னேன்: "உனக்கு இந்தக் கல்யாணம் வேணும்னா வெந்நிக்கும் சிலுப்ப வைய்யி. அது கூட முடியாத சாமியா நீ?" சாமி ஒன்றும் சொல்லவில்லை. நானும் சட்டியை இறக்கிவிட்டேன்.

மேடம் வரவில்லை. ஜீப்புக்கு ஆள் சேரவில்லையாம், ஆள் நிறையாமல் ஜீப் கிளம்பாது. கோயில் முன்னால் இரண்டு ஊர் ஆண்களும் நின்றார்கள். மாப்பிள்ளைப் பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்துச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் அவள் வீட்டுக் கிடாவை அவளே இழுத்து வந்து கட்டினாள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

பூசாரி முதல் செம்பை ஊற்றினார். கிடா நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டது. இரண்டாவது செம்புக்கு மூத்திரம் பெய்தது. அது உத்தரவில் சேராது என்று பூசாரி சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பொறுக்க முடியாமல், "காதுல ஊத்துய்யா" என்றான்.

பூசாரி செம்பைச் சட்டிக்குள் விட்டார். அந்தத் தடவை விரலும் உள்ளே போய்விட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா தண்ணி, இப்டிக் கீது?"

இரண்டு ஊர் ஆண்களும் திரும்பினார்கள். என் பிறவியில் அத்தனை ஆண்கள் என்னைப் பார்த்ததில்லை, வயசில்கூட. ஆனால் வாய் எப்படியோ திறந்துகொண்டது.

"காலைல மொண்டதுங்க. வெயில்ல கெடந்துச்சிங்க."

பூசாரி வானத்தைப் பார்த்தார். விடிந்ததிலிருந்து மேகம் மூடிக் கிடந்தது. மறுபடி என்னைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நிச்சயமாகத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கோயிலில் வெற்றிலைத் தட்டை முதலில் பூசாரியிடம் நீட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அவசரத்தில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் நீட்டிவிட்டார்கள். அப்போதே பூசாரி முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதுவாகத்தான் இருக்கும். கருணை என்று எழுத ஆசைதான், ஆனால் அவரை எனக்கு நாற்பது வருஷமாகத் தெரியும்.

மூன்றாவது செம்பைக் காதிலேயே ஊற்றினார். கிடா சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"உத்தரவு இல்ல" என்றார்.

"வேற ஆடு புடிச்சிட்டு வாங்க!" என்று தாய்மாமன் கத்தினான்.

"ஆட்ட மாத்தினா சாமிய மாத்தின மாதிரி. உங்க ஊர்ல மாத்துவீங்களா?"

அதற்குமேல் அவர்கள் நிற்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் அப்பா கோயில் கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். கெட்டவர் இல்லை. மகள் கீழே போய் யாரோடாவது ஓடிவிடுவாளோ என்று பயந்தவர்.

அவள் அவர் முன்னால் போய் நின்றாள். "ஆட்டக் கேட்ட, அது சொல்லிடுச்சி. என்ன எப்ப கேப்ப?"

"உன்ன இன்னா கேக்கறது? உனக்கும் மூணு சொம்பு ஊத்தணுமா?"

"தண்ணி வேணாம்ப்பா. நாளைக்கு பஸ் ஏத்தி வுடு."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் கிடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யார் கூடனா ஓடிட்டன்னா?" என்றார்.

"ஓடினா லெட்டர் போட்டுட்டு ஓடறேன். போதுமா?"

"வாயப் பாரு" என்றார். அப்புறம் மெதுவாக, "போய்ட்டு வா. ஆடுங்கள யாரு மேய்க்கறது?" என்றார்.

அங்கே நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நாளில் இரண்டாவது தடவை. இந்தத் தடவை வாய் திறக்கவில்லை. திறக்காதது சம்மதமாகிவிட்டது.

மத்தியானம் மேடம் வந்து சேர்ந்தார், வெளிறிப் போய். நடந்ததைப் பெண்கள் சொன்னார்கள். வெந்நீரைப் பற்றி அவர்களுக்கே தெரியாது. மேடம் மகிழ்ச்சியோடு நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'தொடர் கூட்டங்களின் மூலம் பெற்றோரிடம் மனமாற்றம்' என்று இருந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. அவர் சொன்ன பாடத்தில்தானே கற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸில் போய்விட்டாள். வாரம் ஒரு தடவை விடுதி வார்டன் போனிலிருந்து பேசுகிறாள். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறதாம், கணக்கு வாத்தியார் மூக்கால் பேசுகிறாராம். அடுத்த வருஷமும் அப்பா சாமியைக் கேட்பாரோ என்று ஒரு நாள் கேட்டாள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், நீ படி என்றேன். எப்படிப் பார்ப்பேன் என்று அவள் கேட்கவில்லை.

கிடா இப்போது என்னோடுதான் காட்டுக்கு வருகிறது. சாமியே வேண்டாம் என்ற கிடா என்று யாரும் அதை வெட்டத் துணியவில்லை. அந்தத் திமிரில் ஊரார் சாமைக் கொல்லையில் எல்லாம் வாய் வைக்கிறது, திட்டு எனக்கு விழுகிறது. நேற்றுத் தூறல் போட்டது. முதல் சொட்டு காதில் விழுந்ததும் தலையிலிருந்து வால் வரைக்கும் எப்படிச் சிலுப்பியது என்கிறீர்கள்! நான் அவசரமாக நாலு பக்கமும் பார்த்துக்கொண்டேன். நல்லவேளை, யாரும் இல்லை.