கை பட்ட ரெக்கார்டர்

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் என்று நினைக்கிறேன். முடிச்சூரில் குடியிருந்தோம். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்று பீற்றிக்கொள்வானேன், எதிர் ஃபிளாட் அக்கா படித்தார், நான் கேட்டேன். மத்தியானம் சமையலை முடித்துவிட்டு வந்து உட்காருவார். "இந்தப் பாரா சுத்த வேஸ்ட்டு, இருந்தாலும் கேட்டுக்கோ" என்று திட்டிக்கொண்டே படிப்பார்.

அவர் கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. என் பரீட்சைக்கு முன்பே கிளம்ப வேண்டுமாம். போவதற்குள் எல்லாப் பாடத்தையும் படித்துப் பதிந்து கொடுத்துவிடுகிறேன் என்றார் அக்கா. என் பழைய டேப் ரெக்கார்டரோ கேசட்டை மென்று துப்பிக்கொண்டிருந்தது. அதனால் டிஜிட்டல் ரெக்கார்டர் வாங்க இரண்டு பேரும் தாம்பரத்துக்குப் பஸ் ஏறினோம்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடை. வாங்கப்போவது நான், கடைக்காரர் பேசியதெல்லாம் அக்காவிடம்.

"ஸ்கிரீன் பெருசு மேடம், எல்லாம் அதுலயே தெரியும்."

"ஸ்கிரீன் எனக்கு எதுக்குண்ணா? பட்டனைத் தொட்டுப் பாக்கணும், குடுங்க" என்றேன்.

அதன்பிறகுதான் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது. பாதி ரெக்கார்டர்களில் பட்டன்கள் எல்லாம் தட்டையாக, ஒரே மாதிரி. அழுத்தினால் பதிகிறதா, அழிக்கிறதா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். கடைசியில் ஒன்று அகப்பட்டது. பதிவு பட்டன் மட்டும் மேடாக இருந்தது, அழுத்தியதும் 'பீப்' என்றது.

பேசிப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். எனக்காகப் படிக்கும்போது முதலில் பக்க எண்ணைச் சொல்வது அக்காவின் வழக்கம். அதே பழக்கத்தில், "பக்கம் ஒன்று" என்று ஆரம்பித்து, சுவரில் தொங்கிய போர்டைப் படித்தார். "விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வெளியே ஒரு மின்சார ரயில் போனது.

"போதுமாடி? இன்னும் படிக்கட்டுமா?"

"போதும்க்கா."

போட்டுக் கேட்டேன். வாக்கியத்துக்கு முன்னால் இழுக்கிற மூச்சு உட்பட, அக்கா அப்படியே அதற்குள் இருந்தார். கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். எனக்குப் புதுசு வேண்டாம், கையில் இருப்பதே போதும் என்றேன்.

"எல்லாரும் சீல் பிரிக்காத பீஸ்தாம்மா கேப்பாங்க. இது நாலு பேர் கை பட்டது" என்று அலுத்துக்கொண்டார்.

அக்கா என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சொன்னபடி எல்லாவற்றையும் படித்துக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினார். நானும் பாஸ் செய்தேன். கொஞ்ச நாள் போனில் பேசினோம், அப்புறம் நம்பர் மாறி, தொடர்பே விட்டுப்போயிற்று. ரெக்கார்டரில் இடம் போதாமல் பாடங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். அந்த முதல் பதிவில் மட்டும் கை வைக்க மனசு வரவில்லை.

இன்றைக்கும் எப்போதாவது அதைப் போடுவேன். போர்டு, சிரிப்பு, ரயில். "இன்னும் படிக்கட்டுமா?" என்று அக்கா கேட்டதும், "படிங்கக்கா" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்குள் இருக்கிற அந்த அசட்டுப் பெண், ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு "போதும்க்கா" என்று சொல்லிவிடுகிறாள்.