ஒட்டகங்களைக் கூப்பிட்டவர்

எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்குத் தெரியாத ஊர் என்றாலே பயம். வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் முவைலாவில் என் ரூமில் இருக்கும் செல்வம்தான், லீவு கிடைத்ததும் என்னை ஓமானின் சலாலாவுக்கு இழுத்துப் போனான்.

சாரல் காலத்தில் அங்கே மலைமேடு முழுக்கப் புல்வெளிதான். ஒட்டகங்கள் மாடுகளைப் போலக் கூட்டமாக மேய்ந்தன. செல்வம் படமெடுக்க அவற்றின் பின்னாலேயே போய்விட்டான். திடீரென்று மூடுபனி இறங்கியது. எங்களுக்கு நடுவில் பெரிய பள்ளம் இருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

"ஏல செல்வம்! எங்கல இருக்க?" என்று அலறினேன்.

பக்கத்தில் நின்ற ஒட்டகக்காரர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "பாய், கத்தாதே. உன் சத்தத்தைக் கேட்டு நேரா வந்தா பள்ளத்துல விழுவான்" என்று இந்தியில் சொன்னார். பிறகு பனியைப் பார்த்து நீளமாகக் குரல் கொடுத்துத் தன் ஒட்டகங்களைக் கூப்பிட்டார்.

மனுஷனைக் காணோம், இவர் ஒட்டகத்தைக் கூப்பிடுகிறாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒட்டகங்கள் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பனியிலிருந்து வெளியே வந்தன. கடைசி ஒட்டகத்தின் விலாவில் கைவைத்தபடி செல்வம் வந்தான்.

"எதுக்குல அழுவுத? இதுவ எல்லாம் கிளம்புச்சு, நானும் கூடவே வந்துட்டேன்" என்று சிரித்தான்.

"மாஃபி முஷ்கில்", பிரச்சினை ஒன்றுமில்லை என்று ஒட்டகக்காரரும் அரபியில் சொல்லிச் சிரித்தார்.

இப்போதும் பயப்படத்தான் செய்கிறேன். ஆனால் டூட்டி முடிந்து யாராவது வர நேரமானால், உடனே போன் போட்டுக் கலவரப்படுத்துவதில்லை. அவர்களுக்கும் வழி தெரிந்திருக்கும் என்று நம்பி, ரூம் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.