நாலாம் வகுப்பில் கட்டிய வெசாக் கூடு

எங்கள் வகுப்பில் இலங்கைப் பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தோம். ஒருத்தி சிங்களப் பிள்ளை; அவள் வீட்டில் புத்தர் இருந்தார். மற்றவள் நான், எங்கள் வீட்டில் பிள்ளையாரும் முருகனும் இருந்தார்கள். மிஸ்ஸின் பதிவேட்டில் இந்த வேறுபாடு இல்லை. மே மாதம் சமய பாடத்தில் வெசாக் வந்தபோது எங்கள் இருவரையும் ஒரே மேசையில் இருத்தி, தொங்கவிடும் பேப்பர் விளக்கான வெசாக் கூட்டை ஆளுக்கொன்று செய்துவரச் சொன்னார். நான் திருத்தவில்லை. முந்தின வருடம் தீபாவளி விளக்குச் செய்யும் வேலை வேறொருத்திக்குப் போயிருந்தது. கலர்ப் பேப்பரும் ஒட்டு வேலையும் இருந்தால் எந்தச் சமயமும் எனக்குச் சம்மதம்.

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் உறிஞ்சு குழாய்களை வைத்துக் கட்டிய கூடு இரண்டு தரம் சரிந்தது. மூன்றாம் தரம் சரிந்தபோது அப்பா பெட்ரோல் நிலைய வேலை முடிந்து வந்து வாசலில் நின்றார். சப்பாத்தைக் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம் மிச்சச் சோறு இருக்கிறதா என்று கேட்டார். சாப்பிடத்தான் கேட்கிறார் என்று அம்மா கோப்பையில் போட்டுக் கொடுத்தார்.

அப்பா இறைச்சி வாட்டும் குச்சிகளில் இருபத்து நான்கை எண்ணி எடுத்து ஒரே அளவாக முறித்தார். ஆறு சதுரங்கள் கட்டினார். அவற்றை மூலைக்கு மூலை சேர்த்து நூலால் முடிந்தபோது மேசையில் ஒரு கூடு தானாக நின்றது. சோற்றை விரலால் மசித்து அதைக்கொண்டு பேப்பரை ஒட்டினார். பசைக்குச்சி இருக்கிறது என்று காட்டினேன். சோறே காணும், வேறொன்றும் வேண்டாம் என்றார். கீழே வால்களும் வைத்து முடிக்க நாற்பது நிமிடம் ஆகவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த கைவேலை பல்ப் மாற்றுவது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"ஆர் அப்பா உங்களுக்குப் பழக்கினது?"

"தடுப்பிலை இருக்கேக்கை பழகினது."

அம்மா தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். தடுப்பு என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. வெசாக்கின் பொருளைப் பற்றி ஐந்து வரி எழுத வேண்டியிருந்தது, அதைக் கேட்டேன். புத்தர் பிறந்ததும், ஞானம் அடைந்ததும், கண்மூடியதும் வைகாசி மாதத்துப் பௌர்ணமியில்தான் என்றார். வெள்ளை உடுத்து விகாரைக்குப் போவார்கள். தெருவில் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சோறு கொடுப்பார்கள். நீ ஆர் என்று கேட்க மாட்டார்கள். நான்கு வரி ஆயிற்று. ஐந்தாவது வரி மிச்சம் இருந்தது.

"அண்டைக்கு மறியலிலை, சிறையிலை இருக்கிற ஆக்களிலை கொஞ்சப் பேரை விடுவினம். அதையும் எழுது, பிள்ளை."

எழுதினேன். மிஸ் அந்த வரிக்குப் பக்கத்தில்தான் நட்சத்திரம் போட்டார்.

மீதியை அம்மா எனக்குச் சொன்னது நான் பல்கலைக்கழகம் போன பிறகு. கலியாணத்துக்கு முதல் அப்பா இரண்டு வருடம் இலங்கையில் இராணுவத்தின் தடுப்பு முகாம் ஒன்றில் இருந்திருக்கிறார். வழக்கு எதுவும் இல்லை. வெசாக் வந்தால் முகாமின் வாசலுக்குக் கூடு கட்டுவது கைதிகளின் வேலை. பசை கொடுப்பதில்லை, தங்கள் சாப்பாட்டில் ஒரு பிடியை எடுத்து வைப்பார்களாம். பௌர்ணமியன்று விடுதலையாகிறவர்களின் பட்டியலை ஓர் அதிகாரி வாசிப்பார். முதல் வருடம் அதில் அப்பாவின் பெயர் இல்லை.

ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது, என் கூடு வகுப்பிலேயே சிறந்தது என்பது மட்டும். வெள்ளிக்கிழமை அப்பா வந்து எல்லோருக்கும் செய்து காட்டுவாரா என்று மிஸ் கேட்டார். அப்பாவைக் கேட்காமலே வருவார் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்தார்.

"நீங்கள் போகத் தேவையில்லை. ஷிப்ட் எண்டு நான் எழுதிக் குடுக்கிறன்."

நான் அழுதேன். மிஸ்ஸின் முன்னால் பொய்க்காரியாகிவிடுவேன் என்பதற்காக அழுதேன். அதைவிட வேறு துக்கம் எனக்குத் தெரியாது. சாப்பாடு வேண்டாம் என்று மாடிப்படியில் போய் இருந்தேன். கடைசியில் அப்பா படியடிக்கு வந்தார்.

"வாறன் எண்டு மிஸ்ஸிட்டைச் சொல்லு."

வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சேர்ட்டுடன், ஒரு டப்பாவில் சோறும் கொண்டு அப்பா வந்தார். முப்பது பிள்ளைகள் சுற்றி நிற்க, எங்கள் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்து வேலை செய்தார். சோற்றால் ஒட்டுவது எல்லோருக்கும் பெரிய பகிடியாக இருந்தது. சிங்களப் பிள்ளையின் தாய் வெள்ளைச் சேலையில், பாற்சோற்றுத் தட்டுடன் வந்திருந்தார். அப்பாவின் கைகளைப் பார்த்துச் சிரித்தபடி சிங்களத்தில் ஏதோ கேட்டார். அப்பா எழுந்து நேராக நின்று அதே மொழியில் பதில் சொன்னார். அவர் சிங்களம் பேசி நான் கேட்டது அன்றுதான். எனக்குப் பெருமையாக இருந்தது. பதில் மிகவும் சின்னது. அந்தத் தாயின் சிரிப்பு நின்றுவிட்டது. தட்டை யன்னலடியில் வைத்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கத்தரிக்கோலை எடுத்து வால் வெட்டத் தொடங்கினார். எங்கள் வேலையில் அவரும் பங்கு கேட்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

ஆறு கூடுகள் யன்னலில் ஏறின. பிள்ளைகள் கை தட்டினார்கள். பாற்சோறு பங்கிட்டு முடிந்தது. அந்தத் தாயும் வந்த மற்றப் பெற்றோரும் போய்விட்டார்கள். மிஸ் அப்பாவுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கணக்குக் கொப்பிகளை எடுத்தார். அப்பா போகவில்லை. கதவடியில் கைகளை முன்னால் கோத்தபடி நின்றார். மிஸ் நிமிர்ந்து பார்த்தபோது, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நாங்கள் கழிப்பறைக்குப் போகக் கேட்பது போலவே கேட்டார்.

"மிஸ், நான் இப்ப போகலாமா?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அப்பா பகிடி விடுகிறார் என்று நினைத்து எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது நான்தான்.