ஏலம் விடாத அறுப்புப் பண்டிகை

இந்த ஊர்க் கோயிலில் வாரா வாரம் அறுப்புப் பண்டிகை நடக்கிறது என்று மூன்று வாரம் நம்பிக்கொண்டிருந்தவள் நான். இங்கிலாந்தில் ஸ்டோக் என்று ஓர் ஊர். நம்ம விருத்தாசலம் மாதிரி இதுவும் பீங்கான் ஊர்தான். மகள் ஸ்டெல்லா இங்கே நர்ஸ். கோயில் வாசலில் ஒரு பெரிய கூடை. வருகிறவர்கள் அதில் பீன்ஸ் டின், பாஸ்தா, சோப்பு என்று வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நம்ம ஊர்ச் சபையில் அறுவடைக்கு நன்றியாகப் பூசணிக்காய், சேவல் என்று கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோமே, அதேதான் என்று நினைத்தேன். இவர்களுக்கு டின்னிலேயே விளைகிறது போலிருக்கிறது, பாவம்.

ஆராதனை முடிந்தும் ஏலம் கூற ஆளைக் காணோம். நானே ஆரம்பித்துவைக்கலாமென்று ஒரு டின்னைத் தூக்கிப் பிடித்தேன். கண்ணாடி போட்ட ஓர் அம்மா ஓடிவந்து, என் கையைத் தடவிக்கொடுத்து, ஒரு பை நிறைய அடுக்கித் தந்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. அவர் கண் வேறு கலங்கியிருந்தது. "தேங்க்யூ" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அது பாதி. ஞாயிறு தோறும் ஸ்டெல்லாவுக்கு டூட்டி. வாரம் ஒரு பையாகச் சேர்ந்ததை மூன்றாம் வாரம்தான் அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"எம்மா, இதெல்லாம் ஏது?"

"கோயில்ல குடுத்தாங்க."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "அது சோத்துக்கு இல்லாதவங்களுக்குக் குடுக்கிறதும்மா. என்கூட வேல செய்யறவங்களும் அங்க வராங்க. பெத்தவளுக்கு சோறு போடாத நர்ஸுன்னு பேச மாட்டாங்களா? வெள்ளிக்கிழம கோயில் ஹால்ல வச்சு அவங்களுக்குக் குடுப்பாங்க. எல்லார் எதிரிலயும் திருப்பிக் குடுத்துட்டு வா."

எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் பெரிசு. இந்த ஊரில் சோற்றுக்கு இல்லாதவர்களா? ஆயர் என்னை நம்ம சபைப் பத்திரிகைக்கு வெளிநாட்டு ஆசீர்வாதம் பற்றி எழுதச் சொல்லியிருந்தார். நானும் பாலும் தேனும் ஓடுகிறதென்று போனில் அளந்திருந்தேன். அங்கே நாம், பிள்ளைகளைச் செழிப்பான தேசத்துக்கு அனுப்பும் ஆண்டவரே என்று ஜெபிக்கிறோம். இங்கே இவர்கள், ஏழை தேசங்களை நினைத்தருளும் என்று ஜெபிக்கிறார்கள். இரண்டும் நடுவானத்தில் முட்டிக்கொள்ளும்போது ஆண்டவர் யார் பக்கம் திரும்புவாரோ.

வெள்ளிக்கிழமை பைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். யாரும் ஏழை என்று நினைத்துவிடக் கூடாதென்று பட்டுப்புடவை கட்டினேன். குளிருக்கு மேலே கணுக்கால் வரை மகளுடைய கோட்டு. பட்டு கட்டியது எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

சாமான் வாங்குகிறவர்கள் வரிசையில் பக்கத்து வீட்டு டாஃப்னி நின்றிருந்தாள். என்னைப் போலவே பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டியவள். நான் முதல்முறை டீ கொடுத்தபோது, குடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்து அடியில் கம்பெனி முத்திரை பார்த்தாள். அவள் வீட்டில் நானும் அதையே செய்தேன். அப்புறம் எங்களுக்குப் பாஷை தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போவதாக ஸ்டெல்லாவிடம் சொல்லுவாள். இப்போது என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பையை மேஜையில் வைத்தால் ஸ்டெல்லா மானம் பிழைக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பழைய முட்டை ஞாபகத்துக்கு வந்தது. சூளை எரியாமல் வேலையற்றுக் கிடந்த ஒரு வருஷம், அறுப்புப் பண்டிகைக்கு நான் கொண்டுபோனது ஒரே ஒரு முட்டை. அதையும் யாரோ வைத்த பூசணிக்காய்க்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கருவேப்பிலங்குறிச்சி ரோஸி அக்கா அதைத் தேடி எடுத்து, கோழி விலைக்கு ஏலம் எடுத்து, "திரும்ப வுடுங்க, இன்னொருத்தர் எடுக்கட்டும்" என்றாள். முட்டை ஐந்து சுற்று வந்தது. யார் முட்டை என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான்தான்.

டாஃப்னிக்குப் பின்னால் போய் நின்றேன். பையைத் திறந்து டின்னைக் காட்டி, "மீ ஆல்சோ" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மீதிப் பாதி அது. அவள் திரும்பி, என் தோளில் கைவைத்தாள். கண்ணாடி அம்மா எனக்கு இன்னொரு பை தந்தார். திருப்பிக் கொடுக்கப் போனவள் கூடுதலாக ஒரு பையோடு வீடு திரும்பினேன். ஸ்டெல்லா மறுபடியும் தலையில் கைவைத்தாள்.

அன்று சாயங்காலம் அந்த பீன்ஸைக் கடுகு, காய்ந்த மிளகாய் போட்டுத் தாளித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கப்பில் டாஃப்னிக்கு எடுத்துப் போனேன். கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டு முடித்து, பழக்கதோஷத்தில் கப்பைக் கவிழ்த்தாள். அடியில் ஒன்றுமில்லை. கோணல் கைப்பிடியென்று கழித்துப் போட்ட உருப்படிக்கு யார் முத்திரை குத்துவார்கள்?

"வேர்?" என்று கப்பைத் தட்டிக் கேட்டாள். எந்த ஊர் என்கிறாள்.

ஜன்னல் பக்கம் கைகாட்டினேன். விருத்தாசலம் அந்தத் திசைதானா, எனக்கே தெரியாது. ஜன்னலில் தெரிந்தது எங்கள் கொல்லைக் கொடியும், அதில் காய்ந்த ஸ்டெல்லாவின் யூனிஃபாரமும், என் பட்டுப்புடவையும். டாஃப்னி அந்தப் பட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, புரிந்ததுபோல் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.