பையன்களுக்கு நாலு மணி, எங்களுக்கு உச்சிவெயில்

2005-ஆம் வருடம், சித்திரை மாதம். கொல்லிமலையிலிருந்து அடிவாரத்து ஊர் ஒன்றுக்கு நாங்கள் கிரிக்கெட் ஆடப் போயிருந்தோம். நாங்கள் என்றால் பெண்கள் டீம். சிரிக்காதீர்கள், அன்றைக்கே நிறையப் பேர் சிரித்துவிட்டார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தேன். மலைமேல் வாழவந்தி நாடு என்கிற எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விளையாட்டு டீச்சர் ஆசையாகச் சேர்த்த டீம் அது. நான்தான் கேப்டன்.

முதலில் மலைக் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் கோபம் உங்களுக்குப் புரியும். பள்ளியில் இருந்தது ஒரே மைதானம். சாயங்காலம் நாலு மணிக்கு இளவெயில் அடிக்கும், பந்து பளிச்சென்று தெரியும். அந்த நேரம் பையன்களுக்கு. எங்களுக்குக் காலை ஆறரை. மார்கழி மாதத்தில் எங்கள் மலையில் ஆறரை மணி எப்படி இருக்கும் தெரியுமா? பந்து போடுகிறவளே கண்ணுக்குத் தெரிய மாட்டாள். "போடறேன் புள்ள!" என்று பனிமூட்டத்துக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வரும். அதை வைத்துக்கொண்டு மட்டையைச் சுற்ற வேண்டும். புல்லில் உருண்டு உருண்டு டென்னிஸ் பந்து நனைந்த துணி மாதிரி கனக்கும். அப்படி ஒரு பந்தை மரத்துப்போன கையால் பிடிக்கப் போய்த்தான் என் வலது ஆள்காட்டி விரல் உடைந்தது. சரியாகக் கூடவில்லை. இன்றைக்கும் வளைந்துதான் இருக்கிறது.

கையில் கட்டோடு போய், வாரத்தில் ரெண்டே ரெண்டு சாயங்காலம் எங்களுக்குக் கொடுங்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். "நான் கேட்டுப் பாத்துட்டேன் கண்ணு. பசங்க உட மாட்டேங்கறாங்க" என்றார். பாவம், அவர் பேச்சை அங்கே யார் மதித்தார்கள்? எனக்குக் கோபம்தான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். வாயைத் திறந்தால் டீமே இருக்காது என்ற பயம்.

அந்த டீமுக்குத்தான் அடிவாரத்து ஊரிலிருந்து அழைப்பு வந்தது. பையன்களுக்குப் போட்டி நடத்துகிறவர்கள், கூடவே பெண்களுக்கும் ஒரு மேட்ச் வைத்திருந்தார்கள். காலை ஒன்பதரைக்கு என்று சொன்னார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்கே போய் நின்றோம். "கொஞ்சம் இருங்கம்மா, பசங்க செமி பைனல் முடிஞ்சிரட்டும்" என்றார் கமிட்டிக்காரர். ஒன்று முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. பன்னிரண்டரை மணிக்குத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்.

ஏன் அந்த நேரம் தெரியுமா? பையன்களும் கமிட்டியும் பந்தலுக்குக் கீழே சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். பையன்கள் பைனல் வெயில் தாழ்ந்து நாலு மணிக்கு. "சோறு திங்கற நேரத்துல கிரவுண்டு சும்மாதான கெடக்குது, புள்ளைங்க ஆடிட்டுப் போகட்டும்." இதை அந்த மனுஷன் என் காது படவே சொன்னார்.

எங்களில் யாருக்கும் ஷூ கிடையாது. வெறுங்காலில் பனிப்புல்லில் ஓடிப் பழகிய கால்கள். அந்தச் செம்மண் தரையில் வைத்ததும் சட்டியில் விழுந்த கடுகு மாதிரி துள்ளினோம். குளிரில் முழங்கால் உயரத்துக்குக்கூட எழும்பாத பந்து, அங்கே தரையில் பட்டதும் தலைக்கு மேலே போனது. நாங்கள் முதலில் பீல்டிங். நாலு ஓவர் போடுவதற்குள் எங்கள் விக்கெட் கீப்பர், டீமிலேயே சின்னப் பெண், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, அப்படியே சுருண்டு விழுந்தாள்.

டீச்சர் ஓடிவந்து அவளை மடியில் போட்டுக்கொண்டார். கமிட்டிக்காரர் எச்சில் கையோடு பந்தலை விட்டு எழுந்து வந்தார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மலைக்காரப் புள்ளைங்களுக்கு வெயிலு தாங்காதப்பா. அடுத்த தடவ குளிர்காலத்துல வெச்சுக்கலாம்" என்றார். பந்தலே சிரித்தது.

குளிர்காலம் என்றாரே, அந்த வார்த்தைதான். விரலை உடைத்துக்கொண்ட பனி, சாயங்கால மைதானத்தில் பையன்கள் போடும் கூச்சல், எல்லாம் சேர்ந்து எனக்குத் தலைக்கேறியது. பந்தை மடியில் வைத்துக்கொண்டு பிட்ச் நடுவிலேயே உட்கார்ந்தேன். தரை சுட்டது, சுடட்டும் என்று இருந்தேன்.

"வெயிலு தாங்காமல்லாம் இல்லீங்க சார். குளுருலயும் நீங்க வேண்டாங்கற நேரந்தான் எங்களுக்கு, வெயிலுலயும் நீங்க வேண்டாங்கற நேரந்தான் எங்களுக்கு. நாலு மணிக்கு ஆடறோம். அது வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்!"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆடலீன்னா போங்க. எதிர் டீமு ஜெயிச்சதா எழுதிருவேன்" என்று கத்தினார். அப்போது மட்டையோடு நின்றிருந்த எதிர் டீம் கேப்டன், அந்த ஊர்ப் பெண், மட்டையைக் கீழே போட்டாள். "அப்புடி ஒரு ஜெயிப்பு எங்களுக்கு வேண்டாங்க. ஷூ போட்டிருந்தும் எனக்கே காலு வேகுது" என்று சொல்லி என் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் மறக்க மாட்டேன்.

மைதானத்தை ஒட்டி ஒரு மண்டி. மலையிலிருந்து இறங்கும் பலாவும் மிளகும் வாங்கி விற்கும் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குடத்தில் தண்ணீரோடு நேராகப் பிட்சுக்கு வந்தார். மயங்கிய பெண்ணின் முகத்தைக் கழுவினார். பிறகு கமிட்டிக்காரரைப் பார்த்து, "ஏன் தம்பி, இந்நேரத்துக்கு உங்க ஊட்டுப் புள்ளைய வாசல்ல நிக்க உடுவீங்களா? ஆட்டுக்குட்டியக்கூட நெழலாப் பாத்துத்தான கட்டியிருக்கீங்க" என்று கேட்டார். பந்தல் ஓரத்தில் நிஜமாகவே ஓர் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. அதுவரை சிரித்தவர்கள் இலையைப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் கமிட்டிக்காரர் இறங்கி வந்தார். நாலு மணி எங்களுக்கு என்று ஆனது. உடனே டீச்சர் அழ ஆரம்பித்துவிட்டார். "கடைசி பஸ்ஸு போயிருமேங்க, இத்தன புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?" அந்த அம்மா அவர் தோளைத் தட்டி, "பலாக்காய் ஏத்த எங்க லாரி பொழுதோட மலைக்கு வெறும் வண்டியாத்தான் போகுது. எங்க ஊட்டுக்காரர் கூடவே வருவாரு. அழுவாதீங்க" என்றார்.

நாலு மணிக்கு ஆடினோம். டீமுக்கு ஆறு ஓவர்தான். மலைப்பக்கமிருந்து காற்று வீசியது, தரை ஆறியிருந்தது, பந்து கண்ணுக்குத் தெரிந்தது. கடைசிப் பந்தில் தோற்றோம். ஆனால் வெயிலிடமும் பனியிடமும் தோற்கவில்லை, எங்களைவிட நன்றாக ஆடியவர்களிடம் தோற்றோம். லாரியில் தொண்டை கிழியப் பாடிக்கொண்டே மலை ஏறினோம். பையன்கள் பைனல் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போனதாம். போகட்டுமே, ஒரு நாள் அவர்களும் காத்திருக்கட்டும்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் எங்களை நிற்க வைத்து, மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்றார். டீச்சரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெண்கள் டீம் கலைந்தது. அந்த வருடம் எங்களுக்கு வைத்தது கோலப்போட்டி. அதுவும் காலை ஆறரைக்கு, பனியில்! நான் மாவைத் தொடவே இல்லை.

நான் பயந்தபடியேதான் நடந்தது. வாயைத் திறந்தேன், டீம் போய்விட்டது. அதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. கோபம் மட்டும் ஆறவே இல்லை. இப்போது என் மகள் டவுன் பள்ளியில் கிரிக்கெட் ஆடுகிறாள். பயிற்சி நேர அட்டவணையை அவள் கொண்டுவந்து நீட்டினால், என் வளைந்த விரல் முதலில் தேடிப் போவது அவள் பெயரை அல்ல, சாயங்காலம் நாலு மணிக்கு நேராக யார் பெயர் எழுதியிருக்கிறது என்பதைத்தான்.