சிறுத்தை என்று எழுதப்பட்டவன்

"லெமுவல் டார்வர். ஹாலோவெல் உயர்நிலைப் பள்ளி, அலபாமா. பிறவி விளையாட்டு வீரன். சிறுத்தையின் வேகம். ஆட்ட நுணுக்கம் இனிமேல்தான் பழக வேண்டும். எந்த இடத்தில் ஆடுவது என்பதைக் கல்லூரிகளே தீர்மானித்துக்கொள்ளலாம்."

பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில் பள்ளிக்கூடப் பையன்களைத் தரம் பிரித்து நட்சத்திரம் போடும் பத்திரிகை ஒன்றில், 1991ஆம் ஆண்டு வசந்த காலத்தில் வந்த வரிகள் இவை. மாகாணத்துக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் அந்தப் பத்திரிகையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள். லெமுவலின் அம்மா எர்லீன் அதைச் சமையலறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தாள்.

"யாருடா இது? ஐஸ்கிரீம் வண்டிய ஒரு நாளாவது ஓடிப் பிடிச்சிருக்கியாடா நீ? உன் தங்கச்சிதான் ஓடிப்போய் நிறுத்துவா. நீ போய்ச் சேர்றதுக்குள்ள உனக்கு வாங்கினது உருகிப் போயிருக்கும்."

"நான் எழுதலம்மா."

"சிறுத்தையாம்! தட்டப் பாதம் வச்ச சிறுத்தை."

அவள் சொன்னதில் மிகை இல்லை. ஹாலோவெல் அணியில் லெமுவலைவிட மெதுவாக ஓடியவர்கள் இரண்டே பேர். அந்த இருவரையும் அணியில் சேர்த்ததே அவர்களுடைய எடைக்காகத்தான்.

லெமுவல் குவாட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்பது அவன் முடிவு. எதிரணி நிற்கிற நிலையைப் பார்த்தே அவர்கள் மனதில் இருப்பதைப் பிடித்துவிடுவான். கடைசி நொடியில் குரல் கொடுத்துத் தன் அணியின் திட்டத்தை மாற்றுவான். அவர்கள் பாய்ந்து வந்து சேர்வதற்குள் பந்து அவன் கையில் இருக்காது. ஓட வேண்டிய தேவையே வராதபடி ஆடுவது அவன் பாணி. தன் கால்களை அவ்வளவு சரியாக அறிந்தவன்.

பத்திரிகைக்காரர் ஹாலோவெல்லுக்கு வந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மழை. லெமுவல் அன்றைக்கு விடாமல் பந்தை எறிந்துகொண்டிருந்தான். ஒரே ஒரு தடவை அவனுக்கு வந்த பந்து ஈரத்தில் வழுக்கித் தலைக்கு மேல் போய்விட்டது. அதை விரட்டிப் பிடித்து ஓடினான். எதிரணிக்காரர்கள் சேற்றில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்ததால் யாராலும் அவனைத் தொட முடியவில்லை. பத்திரிகைக்காரர் பார்க்க வந்தது அந்தக் காட்சியைத்தான். பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. நீளமான கையும் காலுமாக ஒரு கறுப்புப் பையன் நின்றால், மீதியை அவர் கண் தானே எழுதிக்கொண்டது.

லெமுவலுக்கு இருந்தது ஒரே ஆசை. ஆட்டத்துக்கு நடுவே பத்துப் பேர் வட்டமாகக் குனிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன என்று குவாட்டர்பேக்கின் வாயைப் பார்ப்பார்கள். அந்தச் சில நொடிகள் மாகாணப் பல்கலைக்கழகத்தின் பெரிய மைதானத்தில், சுற்றிலும் எண்பதாயிரம் பேர் கத்திக்கொண்டிருக்கும்போது, தனக்கு வாய்க்க வேண்டும். சனிக்கிழமைகளில் டிவியில் அந்த மைதானத்தைக் காட்டும்போது சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். தட்டில் கோழி வறுவல் ஆறிப்போகும்.

ஜூன் மாதம் அந்தப் பல்கலைக்கழகம் நடத்திய முகாமுக்குப் போனான். குவாட்டர்பேக்குகளின் வரிசையில் நின்றான். கழுத்தில் விசில் தொங்கிய ஒருவர் அவன் தோளில் கைபோட்டு, மிகுந்த மரியாதையோடு, பந்தை ஓடிப் பிடிக்கும் ரிசீவர்களின் வரிசையில் கொண்டுபோய் விட்டார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் பழைய வரிசைக்கே வந்து நின்றான். இப்போது வேறொருவர், மரியாதை மட்டும் அதே.

கிளின்ட் ஹெஸ்டரை அங்கேதான் சந்தித்தான். பக்கத்து மாவட்டத்து வெள்ளைக்காரப் பையன். பத்திரிகையில் இவனுக்கு எதிர்ப்பக்கத்தில் அவன் படம் இருந்தது: "களத்தின் தளபதி. கூர்மையான அறிவு. வேகக் குறைவை உழைப்பால் ஈடுகட்டுகிறான்."

"நீதானே அந்தச் சிறுத்தை?" என்றான் கிளின்ட், தண்ணீர்க் குழாயடியில்.

"நீதானே அந்த அறிவாளி?"

"எங்க ஸ்கூல்ல போய்ச் சொல்லிப் பாரு, உருண்டு சிரிப்பாங்க. எனக்கு நாலே திட்டம்தான்டா தெரியும். அதுலயும் ரெண்டு ஒண்ணேதான்."

"அப்புறம் எப்படி ஜெயிக்கிறீங்க?"

"பந்தத் தூக்கிக்கிட்டு ஓடிருவேன். எவனாலயும் பிடிக்க முடியாது. எனக்கு ஓடணும், பாஞ்சு பிடிக்கணும், அவ்ளோதான். ரிசீவரா போடுங்கன்னு கேட்டேன். 'தன்னம்பிக்கைய விட்டுராத தம்பி'ன்னாங்க."

"நான் குவாட்டர்பேக்னு கேட்டேன். 'பேராசப்படாத தம்பி'ன்னாங்க."

மாலையில் நாற்பது கெஜ ஓட்டம். கறுப்புக் குவாட்டர்பேக்குகள் பலர் இதில் ஓட மாட்டார்கள். வேகம் தெரிந்துவிட்டால் இடத்தை மாற்றிவிடுவார்கள் என்ற பயம். "கால் பிடிச்சிக்கிச்சுன்னு சொல்லிட்டு உக்காந்துக்கோ" என்று பள்ளிப் பயிற்சியாளரும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். லெமுவல் வேறு மாதிரி யோசித்தான். நிஜமாகவே மெதுவாக ஓடுகிறவனுக்கு என்ன பயம்? ஓடிக் காட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. உயிரைக் கொடுத்து ஓடினான்.

கோட்டருகே நின்றவர் தன் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். உதறினார். "லேட்டா அழுத்திட்டேன்பா. இன்னொரு தடவ ஓடு."

ஓடினான். நேரம் மாறவில்லை.

"பய வேகத்த ஒளிச்சு வைக்கிறான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, ஒளித்து வைக்காவிட்டால் என்ன வந்திருக்குமோ அதை எழுதிக்கொண்டார்.

அடுத்து கிளின்ட் ஓடினான். அவர் மறுபடியும் கடிகாரத்தை உதறினார். "சீக்கிரம் அழுத்திட்டேன் போல." கிளின்ட் இரண்டாம் முறை இன்னும் வேகமாக வந்தான். "பின்காத்து தள்ளிருச்சு" என்றார். கம்பத்தில் கொடி அசையாமல் தொங்கியது.

டிசம்பரில் பல்கலைக்கழகத்தின் உதவிப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்தார். எர்லீன் பீச் பழம் வைத்துச் சுட்ட பலகாரத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம் என்றார்.

"குவாட்டர்பேக்காவா சார்?" என்றான் லெமுவல்.

"நல்ல வீரன்னு எடுக்கிறோம். வந்தப்புறம் இடத்தப் பாத்துக்கலாம்."

"கிளின்ட் ஹெஸ்டர எதுக்கு எடுக்கறீங்க?"

"அவன் குவாட்டர்பேக்."

"அவன் என்னவிட நல்லா ஓடுவான் சார். ரொம்பவே."

அவர் நெகிழ்ந்துபோய் எர்லீன் பக்கம் திரும்பினார். "எவ்ளோ அடக்கம் பாருங்கம்மா!"

"அடக்கமெல்லாம் இல்லீங்க. கால் அப்படி" என்றாள் எர்லீன்.

குடும்பமே அடக்கமானது என்று எடுத்துக்கொண்டு அவர் விடைபெற்றார்.

கார் தெருமுனை திரும்பியதும் எர்லீன் மகனைப் பார்த்தாள். "நம்ம வீட்டுல இதுவரைக்கும் யாரும் காலேஜ் படி ஏறினதில்ல. சும்மா குடுக்கறாங்க. அந்த மைதானத்துல நிக்கலாம்டா."

"நிக்கலாம்மா. ஆனா வட்டத்துல வேற எவனோ பேசுவான். நான் குனிஞ்சு கேட்டுக்கிட்டிருப்பேன்."

"எவனோ என்ன எவனோ? அந்த நாலு திட்டக்காரன்."

ஜனவரியில் பக்கத்து மாகாணமான மிசிசிப்பிக்கு பஸ் ஏறினான். கறுப்புப் பிள்ளைகளுக்கென்று எப்போதோ தொடங்கிய சின்னக் கல்லூரி. அங்கே கறுப்புக் குவாட்டர்பேக் என்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பயிற்சியாளர் பின்க்னி என்ற பெரியவர் பத்திரிகை படிக்கும் வழக்கம் இல்லாதவர். முதலில் ஓடச் சொன்னார்.

"டேய், என்னடா இவ்ளோ மெதுவா ஓடற?"

"ஆமா சார்."

"எங்க அத்தைக்கு எழுபது வயசாகுது. அவ சர்ச்சுக்கு உன்னவிட வேகமா நடந்து போவா. சரி, போய்ப் பந்த எறி."

லெமுவல் சிரித்துக்கொண்டே போய்ப் பந்தை எடுத்தான். தன்னை ஒருவர் அவ்வளவு சரியாகத் திட்டி வெகுநாள் ஆகியிருந்தது. அந்தக் கல்லூரியால் பாதிச் செலவைத்தான் ஏற்க முடியும் என்றார்கள். அன்று மாலையே மாகாணப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னான்.

பத்திரிகை அடுத்த இதழில் எழுதியது: "கிடைத்த வரத்தை வீணடித்தவன். மனப்பான்மைச் சிக்கல்." கிளின்ட் பெரிய மைதானத்தில் தளபதியாக இறங்கினான்; முதல் மாதமே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டான். அவனை ஓடவிடுவதைப் பற்றி அதற்குப் பிறகும் யாரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மாலைகளில் தன் ஆட்டம் முடிந்து கல்லூரி பஸ்ஸில் திரும்பும்போது, டிரைவரின் ரேடியோவில் அந்த எண்பதாயிரம் பேரின் கூச்சல் கேட்கும். "அண்ணே, கொஞ்சம் சத்தமா வைங்க" என்பான் லெமுவல். கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில் விரலால் ஏதோ திட்டம் வரைந்துகொண்டே வருவான். அந்த மைதானத்துக்குள் அவன் ஒரு நாளும் இறங்கவில்லை.

நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கினான். மூன்று ஆட்டப் பருவங்கள் குவாட்டர்பேக்காக ஆடினான். ஜெயித்ததைவிடத் தோற்ற ஆட்டங்களே அதிகம்.