உப்பில்லாக் கஞ்சி

நான் சமைத்ததை அண்ணன் ஒருநாளும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. கம்பத்தில் அடுத்தடுத்த வீடு எங்களுக்கு. வருவார், சாப்பிடுவார், குறை சொல்வார், போவார்.

அவருக்குக் காமாலை வந்தது. எங்கள் பக்கம் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுப்போம். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. மதினி அழுதுகொண்டே இருந்ததால் கஞ்சி வைப்பது என் வேலை.

"வாயை மூடிக்கிட்டுக் குடிண்ணே."

"வாயை மூடிக்கிட்டு எப்படிக் குடிக்கிறது, கழுதை?"

திட்டுகிற வரைக்கும் பயமில்லை என்று இருந்தோம்.

ஒரு காலையில் கஞ்சியை ஒரு வாய் குடித்தார். "உப்பு அளவா இருக்கு தாயி. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்றார்.

மதினி சிரித்தார். நான் போட்டது உப்பே இல்லாத கஞ்சி. உடனே கார் பிடிக்கச் சொன்னேன்.

தேனியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். கல்லீரல் திடீரென்று நின்றுபோச்சு, உடம்புக் கழிவு மூளைக்கு ஏறித்தான் பேச்சு மாறியிருக்கு என்றார் மதுரை டாக்டர். மருந்தில் திரும்பாதாம். சீக்கிரம் வேறு கல்லீரல் வைக்காவிட்டால் ஆள் தங்க மாட்டார்.

மதினியின் ரத்தம் சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது.

"ஒரு பகுதியை வெட்டி எடுத்து அவருக்கு வைப்போம்மா. ரெண்டு பேருக்கும் வளந்துரும்."

"கவாத்து மாதிரியா?" என்றேன்.

டாக்டர் முழித்தார். திராட்சைக் கொடியை வெட்டிவிட்டால் துளிர்க்குமே, அதைச் சொல்றா என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். பிறகு என்னிடம், "அண்ணன்தான் தங்கச்சிக்குச் சீர் செய்வாக. இங்கன தலைகீழா நடக்குது" என்றார். சிரித்தார். கண் சிவந்திருந்தது.

ஆபரேஷன் முடிந்தது. தையல் வலித்தது. அண்ணன் கண் முழித்துவிட்டார், நர்ஸ் சொன்னபடியெல்லாம் கேட்கிறார், ரொம்பப் பணிவு என்றார்கள். அந்தப் பணிவு எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கஞ்சி குடிக்கத் தொடங்கியபோது என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் ஒரு கரண்டி ஊட்டினாள். அண்ணன் மூஞ்சியைச் சுளித்தார். கதவோரம் என்னைப் பார்த்தார்.

"ஏ கழுதை, இங்கனயும் நீதான் கஞ்சி வைக்கிறியா?"

சிரித்தால் தையல் பிரியும் என்று நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.